முதல் ஐநூற்றைம்பது விநாடிகள்

மேஜைமேல் விரித்திருந்த கிராஃபின் இடது ஓரத்தில் ஒரு விரல் வந்து நின்றது. நகக்கண்ணில் கிரீஸ் ஏறிப்போன விரல். எத்தனை சோப்புப் போட்டாலும் இனிப் போகாது. எட்டுப் பேர் இருந்த கூட்டத்தில் அந்த விரலுக்கு உரியவர் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார். காலி நாற்காலி இருந்தது. உட்காருங்கள் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். "மேடம், இது ஐநூத்தி அம்பதுல இருந்துல்லா ஆரம்பிக்கி. அதுக்கு முந்தி உள்ளது எங்க?" என்று கேட்டார். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன், அதை மறைத்துவிட்டு எழுதுவதானால் இதை எழுதவே வேண்டாம். "அது மிஷின் நிலைக்கு வாற வரைக்கும் உள்ளது அண்ணாச்சி. அதை யாரும் பாக்க மாட்டாங்க" என்றேன். அவர் விரலை எடுத்துக்கொண்டார். அவருடைய பதினெட்டு வருஷத்து வேலை அந்தப் பதிலோடு போனது.

ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. காற்றாலைகளைப் பராமரிக்கிற கம்பெனியில் டெக்னீஷியன். கீழப்பாவூரைத் தாண்டி சுரண்டைப் பக்கம் போனால் காட்டுக்குக் காடு காத்தாடிகள் நிற்கின்றனவே, அவற்றில் எங்கள் கம்பெனி பொறுப்பில் இருந்த அத்தனையிலும் ஏறி இறங்கியவர். நான் ஒன்றில்கூட ஏறியதில்லை. தென்காசியில் யானைப்பாலம் பக்கம் மாடியில் ஆபீஸ், ஏ.சி.க்கு நேர் கீழே என் நாற்காலி. கம்ப்யூட்டருக்குள் கணக்குகளாலேயே ஒரு காத்தாடியைக் கட்டி வைத்து, அதற்குக் காற்றைக் கொடுத்து ஓட்டி, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சிமுலேஷன் என்பார்கள். "எங்க காத்தாடி நின்னா ஊருக்குக் கரண்டு போவும். உங்க காத்தாடி, கரண்டு போனாத்தான் நிக்கும்" என்று அண்ணாச்சி கிண்டல் செய்வார். எனக்கு அந்தக் கிண்டல் பிடிக்கும். மாடலுக்கு வேண்டிய அளவுகளை மீட்டரில் எடுத்து, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்து தருபவரும் அவர்தான். ஒரு எண்கூடத் தப்பாக இருந்தது கிடையாது.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பும். எங்களுக்கு அது வேலைக்காலம். அந்தச் சாரலைக் கொண்டுவருகிற காற்றுதான் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கிழக்கே இறங்கி இறக்கைகளைச் சுற்றும். ஓர் ஆனி மாதக் காலையில், அந்த வருஷத்துக் காற்று நன்றாகப் பிடித்த முதல் வாரத்தில், ஒரு காத்தாடியின் கியர்பாக்ஸ் பல் உடைந்து நின்றுபோனது. அன்றைக்கு அதை ஓடவிட்டவர் அண்ணாச்சி. மிஷினின் சொந்தக்காரர் வெளியூர் ஆள். யார் தப்பு என்று எழுத்தில் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்.

இரண்டு விதமாக அது நடந்திருக்கலாம். இறக்கை சுற்றத் தொடங்கி, சரியான வேகம் வந்ததும் ஜெனரேட்டர் கரண்டு லைனோடு சேரும். அந்தச் சேர்க்கை மெதுவாக நடப்பதற்கென்று கீழே பேனலில் ஒரு போர்டு உண்டு. வைகாசியில் அந்த போர்டு எரிந்துபோய், கழற்றிப் போட்டிருந்த வேறொரு மிஷினின் பழைய போர்டை மாட்டச் சொல்லியிருந்தார் மேனேஜர். அது சரியில்லை, லைனோடு சேரும்போது இடிக்கிறது என்று அண்ணாச்சி அப்போதே சொல்லியிருக்கிறார். இல்லையென்றால், அண்ணாச்சி பிரேக்கை முழுக்க விடாமல், பாதியில் விட்டு மறுபடி பிடித்திருக்க வேண்டும். அதுவும் கியர்பாக்ஸை அடிக்கும். போர்டு என்றால் கம்பெனி தப்பு. பிரேக் என்றால் அவர் தப்பு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, போர்டால் அப்படி அடி விழுமா என்று மாடலில் ஓட்டிப் பார்த்துச் சொல்லச் சொன்னார். போர்டின் அளவுகளை எடுத்துத் தந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணாச்சிதான். "நல்லாப் போட்டுப் பாருங்க மேடம். மொத்தல்ல ஒரு குலுக்கு குலுக்கிச்சு. அது அதுல வரும்" என்று தாளைத் தந்துவிட்டுப் போனார். அவர் பேரைக் காப்பாற்ற அவருக்கு இருந்தது அந்தத் தாள் ஒன்றுதான். அதை என்னை நம்பித் தந்தார்.

நான் ஓட்டினேன். காற்றளவு பத்து நிமிஷம் பத்து நிமிஷமாகத்தான் பதிவாகும்; அதனால் என் ஓட்டமும் பத்து நிமிஷம், அறுநூறு விநாடி. விநாடிக்கு நூறு புள்ளி. மாடலுக்குள் இது முடிய வெளியே முக்கால் மணி நேரம் ஆகும். ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. கியர்பாக்ஸ் தண்டின் மேல் விழும் விசையைக் காட்டும் சிக்னலை, எண்களைத் தற்காலிகமாக வைக்கும் ஒர்க்ஸ்பேஸுக்கு எக்ஸ்போர்ட் செய்து, அங்கிருந்து ஃபைலாகச் சேமித்து, கிராஃப் போட்டேன். கோடு சமர்த்தாக, லேசான நெளிவோடு போனது. எங்கேயும் குலுக்கல் இல்லை. போர்டால் அசாதாரண அடி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மத்தியானச் சோறு செரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ஃபைலில் இருந்தது கடைசி ஐம்பது விநாடி மட்டும். காரணம் ஒரு டிக். சிக்னலைக் காட்டும் ஜன்னலில், கடைசி ஐயாயிரம் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள் என்று ஒரு கட்டம் உண்டு. டிக் போட்டிருந்தால், புதுப் புள்ளி வர வரப் பழையது அழிந்துகொண்டே போகும். அந்த டிக்கை நான் போட்டது ஆபீஸில் இல்லை, காலேஜில். எங்கள் லேபில் இருபது ஓட்டைக் கம்ப்யூட்டர், ஒன்றுக்கு நாலு பேர். டிக் போடாமல் ஓட்டினால் மிஷின் அப்படியே உறைந்துபோகும். அப்புறம் அன்றைய லேப் அதோடு சரி. அதனால் லேப் சார் அதை ரெக்கார்டு நோட்டில் செய்முறையின் நாலாவது படியாகவே எழுத வைத்தார். டிக் போடவும். டிக் போடவும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கையால் எழுதினோம். அதற்குக் காரணம் எழுதச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, மார்க் வந்தது. லேபில் டிக்கோடு கட்டிய மாடலைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். ஆபீஸில் அதற்கு மாஸ்டர் ஃபைல் என்று பெயர் வைத்தோம்; எந்தப் புது மாடலும் அதைக் காப்பி அடித்துத்தான். ஆபீஸ் கம்ப்யூட்டர் எவ்வளவோ தாங்கும். டிக்கை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தொடக்கத்தில் எப்படியும் கணக்கு தத்தளிக்கும், அதை வெட்டிப் போடுவதுதான் வழக்கம் என்று எங்களுக்கு நாங்களே ஒரு சமாதானமும் வைத்திருந்தோம். ஐநூற்றைம்பதில் தொடங்குவதுதான் கிராஃப் என்று என் கண் பழகிப்போயிருந்தது. படித்தவர்கள் ஏழு பேர் பார்த்த தாளில் தொடக்கம் இல்லை என்று கண்டுபிடித்தவர் ஐ.டி.ஐ. படித்த மனுஷன். அவருக்குத்தான் நான் விளக்கம் சொன்னேன்.

கூட்டம் முடிந்த பிறகு மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கவனக்குறைவால் பிரேக்கைப் பாதியில் பிடித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் போலீஸ், கேஸ் என்று போகாமல் மரியாதையாக அனுப்பிவிடலாம் என்றாராம். அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சண்டை போடுவார் என்று நினைத்திருந்தேன். ஆவணி பிறந்த அன்று ஹெல்மெட்டையும் இடுப்பு பெல்ட்டையும் ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு என் மேஜைக்கு வந்து, வாறேன் மேடம் என்றார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஏதோ நான் சங்கடப்படக் கூடாதே என்பது போலச் சிரித்துவிட்டுப் படி இறங்கினார்.

அடுத்த தை மாதம் எனக்குப் புது லேப்டாப் வந்தது. வேறொரு வேலைக்காக, மாஸ்டர் ஃபைலைத் தொடாமல் முதன்முறையாக அடியிலிருந்து ஒரு மாடல் கட்டினேன். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை மெயிலில் அனுப்பினால் போகவில்லை. ரொம்பப் பெரிது என்றது. எங்கள் பழைய ஃபைல்கள் எல்லாம் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே என்று ஒன்றைத் திறந்து முதல் வரிசையைப் பார்த்தேன். நேரம் என்கிற பத்தியில் முதல் எண்ணே ஐநூற்றைம்பது. கியர்பாக்ஸ் மாடலைத் தேடி எடுத்து, அந்தக் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டு ஓட்டினேன். அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை, முக்கால் மணி நேரமும் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். நாற்பதாவது விநாடியில், ஜெனரேட்டர் லைனோடு சேரும் இடத்தில், அந்தக் கோடு வயல் நடுவில் நிற்கும் ஒற்றைப் பனை மாதிரி எழுந்து நின்றது. அண்ணாச்சி சொன்ன குலுக்கல் அதுதான். மாடல் அதைச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. நான்தான் அதை வைத்துக்கொள்ளவில்லை.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். தாளை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. ஒருவேளை எப்போதோ புரிந்திருந்ததோ என்னவோ, அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. "இது போயாச்சுங்க. இப்ப இதை எடுத்தா உங்க பேருதான் முதல்ல வரும். ரிப்போர்ட்ல கையெழுத்து உங்களுதுங்க" என்றார். மிரட்டுவது போல இல்லை, அக்கறையாகச் சொன்னார். அந்த அக்கறையைப் பிடித்துக்கொண்டு நான் என் இடத்துக்குத் திரும்பிவிட்டேன். பங்குனியில் என் பெயருக்கு முன்னால் சீனியர் என்று சேர்த்தார்கள். லட்டு வாங்கிக் கொடுத்தேன். வெட்கம் கெட்டவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டே கொடுத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் ஒன்றரை வருஷம். பிரிண்ட் என் வீட்டுப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. அண்ணாச்சி குற்றாலத்தில், ஐந்தருவி போகும் ரோட்டில் ஒரு லாட்ஜில் மோட்டார் போடுகிறார், ஜெனரேட்டர் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். தென்காசியில் இருந்து பஸ் ஏறினால் கால் மணி நேரம். செவ்வாய்க்கிழமை போகலாம், சீசன் முடியட்டும், தீபாவளி கழியட்டும். குடும்பத்தோடு குளிக்கப் போனபோது ஒருமுறை அந்த லாட்ஜ் வாசலில் அவரைப் பார்த்தேன், பக்கெட்டோடு நின்றிருந்தார். ஆட்டோவில் சட்டென்று இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அருவியில் கூட்டம் அதிகம் என்று வீட்டில் நான் போட்ட சத்தத்துக்கு அதுதான் காரணம் என்று என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது.

கடைசியில் போனேனே, அதுவும் தைரியம் வந்து போகவில்லை. இந்த வருஷம் வைகாசியில் மேனேஜர் வேறு கம்பெனிக்கு வடக்கே போய்விட்டார். ஆனியில் எங்கள் தென்காசி ஆபீஸையே மூடினார்கள். எனக்கும் வேறு இடத்தில் வேலை கிடைத்தது. இனி யாரும் என்னை எதுவும் செய்ய முடியாது என்று ஆன பிறகுதான் எனக்கு நியாயம் ஞாபகம் வந்தது. பீரோவில் இருந்த பிரிண்டை எடுத்தேன். கீழ் ஓரத்தில் போன வருஷத் தை மாதத் தேதி அச்சாகியிருந்தது. எங்கள் கிராஃபில் அது தானாக விழும். பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு லேப்டாப்பைத் திறந்து, மாடலை இன்னொரு தடவை ஓட்டி, இன்னொரு தடவை எக்ஸ்போர்ட் செய்து, புதிதாகப் பிரிண்ட் எடுத்தேன். பழையது கசங்கியிருந்தது, அவருக்குக் கொடுக்க நன்றாக இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். கசங்கியிருந்தது உண்மைதான். ஆனால் அதற்காக நான் எடுக்கவில்லை.

மறுநாள் போனபோது குற்றாலத்தில் சாரல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. லாட்ஜுக்குப் பின்னால் மோட்டார் ரூம். என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். என்னம்மா, குளிக்க வந்தியா என்றார். வேலை இல்லாத இடத்தில் நான் மேடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நடந்ததைச் சொன்னேன்: டிக், ஐயாயிரம் புள்ளி, அழிந்துபோன தொடக்கம். மன்னித்துவிடுங்கள் என்பதையும் சொன்னேன். தாளை நீட்டினேன். கையைக் கைலியில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கினார். சைட்டில் எந்தத் தாள் வந்தாலும் பழையதா புதுசா என்று முதலில் தேதியைப் பார்ப்பது டெக்னீஷியன்களின் பழக்கம். அவர் கண் முதலில் கீழ் ஓரத்துக்குத்தான் போனது. பிறகு இடது ஓரம். சைபர்ல இருந்து இருக்கு என்றார். நாற்பதுக்கு நேராக நின்ற கோட்டின் மேல் விரலை வைத்து, அடியில் இருந்து உச்சி வரைக்கும் ஒருமுறை தடவினார். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"நான் பாதியிலே பிடிச்சிட்டேம்னேல்லா நெனைச்சிட்டிருந்தேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. கூட்டத்தில் அந்தக் கிராஃபைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். மேடம் பொய் சொல்ல மாட்டாங்க, கம்ப்யூட்டரும் பொய் சொல்லாது, அப்ப என் கைதான் தப்பு பண்ணியிருக்கு என்று நினைத்தாராம். அதனால்தான் மேனேஜர் கேட்டதும் எழுதிக் கொடுத்தாராம். மிரட்டலுக்குப் பயந்து இல்லை. அன்று பிரேக்கை விட்டது எப்படி என்று நினைத்துப் பார்த்துப் பார்த்து, பாதியில் பிடித்தது போலவே ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டதாம். போன வருஷம் சீசனுக்கு முன்னால், வைகாசியில், ஆரல்வாய்மொழிப் பக்கத்து வேறொரு கம்பெனியில் இருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடந்தது தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் மதினி, அவர் சம்சாரம், போகச் சொல்லி அழுதிருக்கிறார். இவர்தான் மாட்டேன் என்றிருக்கிறார். "என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்லாம, கூட ஏறுத பையனை எப்டிம்மா கூட்டிட்டுப் போவேன்?" என்றார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது. ஐம்பது தாண்டிய ஆளை மேலே ஏற்றுவதில்லை என்பது அந்தக் கம்பெனி விதி. இந்த வருஷம் மாசியில் ஐம்பது முடிந்துவிட்டது என்று, அதை ஒரு தகவலாகச் சொன்னார்.

போன வருஷம் வைகாசி. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டேன்: தை, மாசி, பங்குனி, சித்திரை. அவரைக் கூப்பிட்டபோது நாலு மாதமாகத் தாள் என் சேலைக்கு அடியில் இருந்திருக்கிறது.

அவர் தாளை மறுபடி பார்த்தார். மறுபடியும் கீழ் ஓரம். "நேத்து எடுத்ததாம்மா?" என்றார். ஆமா அண்ணாச்சி என்றேன். அது பொய் இல்லை. அவர் கண் நிறைந்துவிட்டது. "தெரிஞ்ச மறுநாளே ஓடியாந்திருக்கியே தாயி. அந்த ஆபீஸ்ல வேற யாரு வருவா?" என்றார். சொல்ல வேண்டும் என்றால் அந்த நிமிஷம்தான். என் வாய் வரைக்கும் வந்தது. மேலே டேங்க் நிரம்பித் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அவர் எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். அந்த இடைவெளியில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்றுகொண்டேன். பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தார். நனையாமல் இருக்க என் தலைக்கு மேலே பிளாஸ்டிக் சாக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

போன வாரம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மதினியைப் பார்த்தேன். நான் ஒதுங்குவதற்குள் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாராம். அந்தத் தாளை லேமினேட் பண்ணி மோட்டார் ரூமில் மாட்டி வைத்து, வருகிற போகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறாராம். பக்கத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் என்னைக் காட்டி, "நான் சொல்லுவேம்லா, தெரிஞ்ச மறுநாளே வந்து சொல்லுச்சுன்னு, அந்தப் பிள்ளை இதுதான்" என்றார். அந்தப் பெண் என்னை மரியாதையோடு பார்த்தாள். மதினி தன் பையில் இருந்த கத்திரிக்காயில் பாதியை அள்ளி, வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, என் பைக்குள் போட்டார். நான் வாங்கிக்கொண்டேன்.